நுனியிலிருந்து தொடங்கும் சாவு

1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இளம் பெண்பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார்கள். 20க்கும் மேற்பட்டவர்கள். எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள். பெரும்பாலும் அப்போதுதான் வயசுக்கு வந்தவர்கள். அவர்களுடைய பாதங்கள் தொங்கிப் போயிருந்தன. ஒரு அடி எடுத்து வைக்க முழங்காலை வழக்கத்துக்கு மேல் உயர்த்தவேண்டும். உயர்த்தாவிட்டால் கால்விரல் தரையில் இடறும். சிலருக்குக் கைப்பிடியும் தளர்ந்துபோயிருந்தது.

இளம்பிள்ளை வாதமோ என்று யாருக்கும் சந்தேகம் வரக்கூடிய தோற்றம். ஆனால் நோய் ஏன் பெண்பிள்ளைகளை மட்டும் தேடிப் பிடிக்கிறது? அதுவும் அந்த ஒரு வயதில்? பேராதனையைச் சேர்ந்த நரம்பியல் வைத்தியர் நிமால் சேனாநாயக்கவும், தொழில்சார் நோய்களை ஆராய்ந்த ஜெ. ஜெயரத்தினமும் இந்தக் கேள்வியைத் தொடர்ந்து போய்ப் பிள்ளைகளின் வீட்டு அடுப்படிக்கே வந்து நின்றார்கள். காரணம் நல்லெண்ணெய். இன்னும் சரியாகச் சொன்னால், நல்லெண்ணெயில் கலந்திருந்த ட்ரைகிரெசைல் பொஸ்பேட் என்ற இரசாயனம். மசகு எண்ணெயிலும் பிளாஸ்டிக் தொழிலிலும் சேர்க்கப்படும் பொருள் அது. கனிய எண்ணெய் இருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை நிரப்பியதால் கலந்திருக்கலாம் என்று இருவரும் கருதினார்கள். 1981இல் லண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ மருத்துவ இதழ் அவர்களுடைய அறிக்கையை வெளியிட்டது.

பிள்ளை சமைந்ததும் பச்சை முட்டையை உடைத்து நல்லெண்ணெயோடு குடிக்கக் கொடுப்பதும், உளுந்தங்களி கிண்டி எண்ணெய் விட்டுக் கொடுப்பதும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் லயங்களுக்குப் புதிதல்ல. ‘இடுப்புக்குப் பலம்’ என்பார்கள். பிறருக்குக் கறியில் ஒரு கரண்டி போனால், சமைந்த பிள்ளைக்கு அது நாள்தோறும் தனியாகக் கிடைக்கும். வீட்டில் ஆக அதிகமாகக் கவனிக்கப்பட்ட பிள்ளைக்கே ஆக அதிகமான நஞ்சு போயிற்று.

நரம்புக் கலங்கள் எப்படிச் சாகின்றன என்ற பெரிய கேள்விக்குள் நுழைய இந்தத் தோட்டத்துச் சம்பவத்தைவிட நல்ல வாசல் கிடைப்பது அரிது. அந்தப் பிள்ளைகளின் உடலில் நடந்தது பக்கவாதத்திலும் தலைக்காயத்திலும் பார்கின்சன் நோயிலும் முதுமை மறதியிலும் வேறு வேறு வேகத்தில் நடக்கிறது. நரம்புக் கலத்தின் சாவு பெரும்பாலும் ஒரே கணத்தில் முடிகிற காரியம் அல்ல. அதற்கு ஒரு காலம் பிடிக்கிறது. அந்தக் காலத்துக்குள் உதவி போய்ச் சேர்கிறதா என்பதே நோயாளியின் மிச்ச வாழ்க்கையை முடிவு செய்கிறது.

ஒரு மீற்றர் நீளத்து உயிர்

உடலின் மற்றக் கலங்களைப் போன்றதல்ல நரம்புக் கலம். அதன் உடல் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் அதிலிருந்து கிளம்பும் இழை, ஆக்சன், மிக நீண்டது. இடுப்பு மட்டத்தில் முண்ணாணுக்குள் இருக்கும் ஒரு கலத்தின் இழை பாதம்வரை, வளர்ந்த மனிதரில் ஏறக்குறைய ஒரு மீற்றர் தூரம் ஓடுகிறது. அந்த இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பங்கு கலவுடலில்தான் உண்டாகிறது. அங்கிருந்து அவை நுனிவரை ஏற்றி அனுப்பப்படவேண்டும். வேகமாகப் போகும் சரக்கு ஒரு நாளில் சுமார் 400 மில்லிமீற்றர் போகும். மெதுவாகப் போவது நாளுக்குச் சில மில்லிமீற்றரைத் தாண்டுவதே பெரிய காரியம்.

தோட்டத்தில் தண்ணீர் வரத்துக் குறைந்தால் முதலில் காய்வது கடைசி லயத்துப் பீலி. நரம்பிலும் அதே கதைதான். கலவுடல் நலமாக இருக்கும்போதே, தொலைவில் உள்ள நுனி முதலில் நலிகிறது. பிறகு சேதம் பின்னோக்கி, கலவுடலை நோக்கி ஏறுகிறது. ஆக நீளமான இழைகள் பாதத்துக்குப் போகிறவை. அதனால்தான் பிள்ளைகளுக்கு முதலில் பாதம் விழுந்தது, கை பிறகு.

கோழிகளுக்கு இந்த நஞ்சைக் கொடுத்து, நீளமான இழைகளின் கடைப்பகுதியே முதலில் கெடுவதை 1954இல் விளக்கியவர் பிரித்தானிய நரம்பு நோய்க்கூற்றியல் வைத்தியர் ஜோன் கவனா. நஞ்சு எந்த நொதியத்தைத் தாக்குகிறது என்பதை அதே நாட்டின் மார்ட்டின் ஜோன்சன் 1969இல் கண்டறிந்தார். ட்ரைகிரெசைல் பொஸ்பேட் ஈரலில் உருமாறி, நரம்புக் கலத்தின் சவ்வுக் கொழுப்புகளைச் சீராக வைத்திருக்கும் ஒரு நொதியத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பிறகு அந்தப் பிணைப்பு இறுகி, மீட்க முடியாததாகிறது. நொதியத்தின் பெரும்பகுதி இப்படி முடங்கினால், இரண்டு மூன்று வாரங்கள் கழித்து இழைகள் சிதையத் தொடங்கும்.

அந்த இடைவெளிதான் கொடுமை. எண்ணெய் குடித்த நாளுக்கும் கால் விழுந்த நாளுக்கும் நடுவில் வாரங்கள் ஓடிவிடுவதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

இலங்கைக்கு முன்பும் பின்பும் இதே நஞ்சு பல ஊர்களில் மனிதரைச் சாய்த்திருக்கிறது. 1930இல் அமெரிக்காவில், மதுவிலக்குக் காலத்தில் சாராயத்துக்குப் பதிலாக விற்ற இஞ்சிச் சாற்றில் இது கலக்கப்பட்டு, பல்லாயிரம் பேருக்குக் கால் விழுந்தது. 1959இல் மொரோக்கோவில் விமான மசகு எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றதில் ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். 1988இல் கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் கடுகெண்ணெய் வழியாக வந்தது. எல்லா இடத்திலும் அகப்பட்டவர்கள் மலிவான எண்ணெயை, மலிவான மருந்தை, சில்லறையாக வாங்கிய மக்கள்.

பிள்ளைகளில் சிலரைச் சேனாநாயக்க மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். சுற்று நரம்புகள் மெல்ல மீண்டன. நரம்பிழை நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் மறுபடி வளரக்கூடியது. முழங்காலுக்குக் கீழிருந்து பாதம்வரை போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம் என்றாலும், போய்ச் சேரும். ஆனால் மூளையிலிருந்து முண்ணாணுக்குள் இறங்கும் இழைகளும் சேதப்பட்டிருந்தன. அவை மீளவில்லை. தொங்கிய கால் பலம் பெற்று வரும்போது, கூடவே விறைப்பும் வெளியே தெரிந்தது. அமெரிக்க இஞ்சிச் சாற்று நோயாளிகளில் சிலரை 47 ஆண்டுகளுக்குப் பிறகு பரிசோதித்தவர்களும் இதே விறைப்பைத்தான் கண்டார்கள்.

கால் நரம்பு வளர்கிறது, முண்ணாண் இழை வளர்வதில்லை. ஏன்? மொன்றியாலில் அல்பேர்ட் அகுவாயோவும் சாமுவேல் டேவிட்டும் 1981இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பாதி விடை தந்தது. எலியின் முண்ணாணுக்கும் மூளைத்தண்டுக்கும் இடையே சுற்று நரம்புத் துண்டொன்றைப் பாலமாக வைத்தபோது, மைய நரம்பிழைகளும் அதற்குள் நீளமாக வளர்ந்தன. வளரும் ஆற்றல் கலத்துக்கு இருக்கிறது. மூளையும் முண்ணாணும் அமைந்த சூழல்தான் தடுக்கிறது. அந்தத் தடையை மனிதரில் அகற்றும் வழி இன்னும் கைக்கு எட்டவில்லை.

தானாகச் சாகும் ஏற்பாடு

கலம் சாவதென்றால் ஏதோ ஒன்று அதைக் கொல்வது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் கலங்களில் பல தங்களைத் தாங்களே முடித்துக்கொள்கின்றன. 1972இல் கெர், வில்லி, கரி என்ற மூவர் இந்த ஒழுங்கான சாவை விவரித்து ‘அப்பொப்டோசிஸ்’ என்று பெயரிட்டார்கள். கலம் சுருங்கி, தன் மரபுப் பொருளைத் துண்டு போட்டு, சிறு உருண்டைகளாகப் பிரிந்து, அக்கம்பக்கத்துக்குக் காயமில்லாமல் மறைகிறது. ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு வகைப் புழுவின் வளர்ச்சியில் தோன்றும் 1,090 கலங்களில் 131 கலங்கள் ஒவ்வொரு முறையும் தவறாமல் இப்படிச் சாகின்றன. அதன் பின்னிருந்த மரபணுக்களைக் கண்டவர்களுக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. கருவில் மனித மூளை உருவாகும்போதும் தேவைக்கு மேல் பிறந்த நரம்புக் கலங்கள் இந்த வழியில்தான் கழிகின்றன.

இதற்கு எதிரானது நெக்ரோசிஸ். கலம் வீங்கி வெடித்து, உள்ளிருப்பதெல்லாம் வெளியே கொட்டி, சுற்றியுள்ள கலங்களையும் வீக்கத்தில் இழுக்கும். இவை இரண்டுக்கும் நடுவே இன்னும் பல வழிகளை ஆய்வாளர்கள் பிரித்து அறிந்திருக்கிறார்கள். இரும்பின் தூண்டலால் சவ்வுக் கொழுப்பு ஒட்சியேற்றப்பட்டுச் சாகும் வழி 2012இல் பெயர் பெற்றது. ஒரே நோயில், ஒரே மூளையில், அருகருகே இருக்கும் இரண்டு கலங்கள் இரண்டு விதமாகச் சாகலாம்.

இழையின் சாவு தனிக் கதை. 1850இல் ஒகஸ்டஸ் வாலர் தவளை நாக்கின் நரம்பை வெட்டி, வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதி சில நாளில் துண்டு துண்டாக உதிர்வதைக் கண்டார். உணவு போகாததால் வாடிச் சாகிறது என்று நூற்றாண்டுக்கு மேலாக எல்லோரும் நம்பினார்கள். 1989இல் ஒக்ஸ்போர்டில் ஒரு வகை எலி அந்த நம்பிக்கையை உடைத்தது. சாதாரண எலியில் இரண்டு நாளில் உதிரும் இழை, இந்த எலியில் வெட்டப்பட்ட பின்னும் வாரக்கணக்கில் உயிரோடிருந்தது. ஆகவே இழை வெறும் பட்டினியால் சாகவில்லை. சாவதற்கான ஏற்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது.

அந்த ஏற்பாட்டின் மையம் சார்ம்-1 என்ற புரதம் என்று 2012இல் தெரிந்தது. கலவுடலிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்கவேண்டிய ஒரு குறுகிய ஆயுள் நொதியம் நுனிக்கு வராமல் நின்றால் சார்ம்-1 விழித்துக்கொள்கிறது. இழையின் சக்திக்கு ஆதாரமான என்.ஏ.டி. என்ற மூலக்கூறை அது அழிக்கிறது. சக்தி தீர்ந்ததும் கல்சியம் உள்ளே பாய்கிறது. கல்சியத்தால் தூண்டப்படும் நொதியங்கள் இழையின் சட்டகத்தைத் துண்டாடுகின்றன. சார்ம்-1 இல்லாத எலிகளில் இந்த அழிவு பெரிதும் தள்ளிப்போகிறது. அதனால் அதைத் தடுக்கும் மருந்துகளைத் தேடிப் பல ஆய்வுகூடங்கள் இன்று உழைக்கின்றன.

கலவுடலை மட்டும் காப்பாற்றினால் போதாதா? 2006இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேரடியான பதில் சொன்னது. தசையை இயக்கும் நரம்புக் கலங்கள் அழியும் ஏ.எல்.எஸ். நோயை ஒத்த நிலை உள்ள எலிகளில், அப்பொப்டோசிஸை நடத்தும் ஒரு மரபணுவை அகற்றிவிட்டார்கள். கலவுடல்கள் சாகவில்லை. ஆனாலும் இழை நுனிகள் தசையை விட்டுக் கழன்றன; எலிகள் முடங்கின. கலம் பிழைத்தும் பயனில்லாமல் போயிற்று. நுனியைக் காக்காத சிகிச்சை பாதிச் சிகிச்சை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிமிடக் கணக்கு

எல்லாச் சாவும் வாரக்கணக்கில் நடப்பதில்லை. மூளை உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. சேமிப்பு என்று கையில் ஒன்றும் கிடையாது. இரத்தக் குழாய் அடைபட்டால், சில நிமிடத்தில் கலத்தின் உப்புச் சமநிலையைக் காக்கும் பம்புகள் நிற்கின்றன. வழக்கத்தில் ஒரு கலம் இன்னொன்றோடு பேசச் சொட்டுச் சொட்டாக விடும் குளுட்டமேட் என்ற இரசாயனம் இப்போது கட்டுமீறிக் கொட்டுகிறது. அது பக்கத்துக் கலங்களின் வாயில்களைத் திறந்தபடியே வைக்க, கல்சியம் உள்ளே பெருகி, கலத்தின் சக்திக் கூடங்களான இழைமணிகளை நிறுத்துகிறது. தூண்டுதல் மிகுந்தே கலம் சாகும் இந்த முறையை 1969இல் ஜோன் ஓல்னி விளக்கினார்.

அடைப்பின் நடுப்பகுதி சீக்கிரம் போய்விடும். அதைச் சுற்றியுள்ள பகுதி அப்படியல்ல. அங்கே கலங்கள் வேலையை நிறுத்தியிருக்கும், உயிரை விட்டிருக்காது. இரத்தம் திரும்பினால் பிழைக்கும். திரும்பாவிட்டால் மணிக்கணக்கில் அதுவும் நடுப்பகுதியோடு சேர்ந்துவிடும். பெரிய குழாய் ஒன்று அடைபட்ட பக்கவாதத்தில் ஒரு நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்புக் கலங்களும் 12 கிலோமீற்றர் இழையும் அழிவதாக ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார்.

சாகும் கலங்களைக் காப்பாற்றும் மருந்து உண்டா? அதே ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பக்கவாதத்துக்காகச் சோதிக்கப்பட்ட 1,026 சிகிச்சைகளைப் பட்டியலிட்டது. எலியில் பலன் தந்தவை மனிதரில் கைவிட்டன. உறுதியாக உதவியது இரத்த ஓட்டத்தைத் திருப்புவதுதான். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் 3 மணித்தியாலத்துக்குள், பிறகு 2008 ஆய்வின்படி நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்யவேண்டும்.

இறக்குவானைக்கு மேலே ஒரு மலைத் தோட்டத்தில், விடியற்காலை வாய் கோணி, ஒரு கை விழுந்த மனிதருக்கு இந்த நாலரை மணித்தியாலம் எப்படிக் கழியும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். முதலில் ‘குளிர் காத்து அடிச்சிருக்கு’ என்று தைலம் தடவுவார்கள். பெரட்டு முடிந்து தோட்டத்து வைத்திய உதவியாளர் வரும்வரை காத்திருப்பார்கள். பிறகு கொழுந்து லொறியோ முச்சக்கரவண்டியோ கிடைக்கவேண்டும். குண்டும் குழியுமான தோட்டத்து ரோட்டில் இறங்கி, கிட்டிய ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கிருந்து இரத்தினபுரிக்கு மாற்றப்படவேண்டும். மருந்து இல்லாமல் போவதல்ல இங்கே பிரச்சினை. மருந்துக்குரிய நேரம் ரோட்டிலே கரைகிறது.

தலைக்காயமும் இப்படி இரண்டு கட்டமாகவே கொல்கிறது. அடிபட்ட கணத்தில் போனது போனதுதான். ஆனால் மூளை மண்டையோட்டுக்குள் சுழன்று இழுபடும்போது இழைகள் பெரும்பாலும் உடனே அறுவதில்லை. இழுபட்ட இடத்தில் உள்போக்குவரத்து தடைபட்டு, சரக்குக் குவிந்து வீங்கி, மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் கழித்தே துண்டாகின்றன. மண்டையோடு உடையாதவர்களின் மூளையில்கூட இழைகள் பரவலாக அழிந்திருப்பதை 1956இல் ஒக்ஸ்போர்டில் சபீனா ஸ்ட்ரிச் காட்டினார்.

வீக்கத்தைக் குறைத்தால் நல்லது என்று நினைத்து, பல ஆண்டுகளாகத் தலைக்காயத்துக்கு ஸ்டீரொய்ட் ஊசி போடப்பட்டது. 10,008 நோயாளிகளைக் கொண்டு நடந்த ‘கிராஷ்’ ஆய்வு 2004இல் அந்த வழக்கத்தை நிறுத்தியது. ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 21 பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்தார்கள். போடாதவர்களில் 18 பேர். இன்று உயிர் காப்பவை எளிமையான விஷயங்கள்: மூச்சு தடைபடாமல் பார்ப்பது, இரத்த அழுத்தம் விழாமல் பார்ப்பது, உள்ளே கசிந்த இரத்தத்தை நேரத்தோடு எடுப்பது. மரத்திலிருந்து விழுந்தவர் எழுந்து நடந்தாலும், பின்னர் மயங்கி மயங்கித் தூங்கினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், ஒரு கண்ணின் மணி மற்றதைவிடப் பெரிதானால் அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். படுத்தால் சரியாகிவிடும் என்று லயத்தில் கிடத்துவது ஆபத்து.

மருந்தும் பாம்பும்

பூச்சிகொல்லிகளில் ஒரு பெரிய பிரிவான ஓர்கனோபொஸ்பேட்டுகள், நல்லெண்ணெயில் கலந்த அந்த நஞ்சின் உறவுதான். இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பூச்சிகொல்லி நஞ்சால் வைத்தியசாலைக்கு வருவதாகவும் 1,000 பேர் இறப்பதாகவும் 1982இல் உலகுக்குச் சொன்னவர் அதே ஜெயரத்தினம். நஞ்சு குடித்தவர் முதல் நாள் தப்பிவிட்டார் என்று எல்லோரும் மூச்சு விடும்போது, 1 முதல் 4 நாளுக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் திடீரெனச் செயலிழக்கலாம் என்பதை 1987இல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் எழுதினார்கள். இன்று உலகெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இந்த ‘இடைநிலை நோய்க்குறி’ தெரியும். மருத்துவத்துக்கு இந்த அறிவைக் கொடுத்தது இலங்கையின் துயரம். கடும் நஞ்சான பூச்சிகொல்லிகளை நாடு கட்டம் கட்டமாகத் தடை செய்தது. 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெத்தோவேட், பென்தியோன் என்ற பூச்சிகொல்லிகளும் பராகுவாட் என்ற களைகொல்லியும் நீங்கின.

பராகுவாட் தோட்டத் தொழிலாளருக்குப் பழக்கமான பெயர்தான். புல்லுக்கு மருந்து அடிக்கும் வேலையில் கிரமோக்சோன் என்ற வணிகப் பெயரில் அது பல ஆண்டுகள் முதுகில் ஏறியது. அமெரிக்க விவசாயக் குடும்பங்களில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், பராகுவாட்டைக் கையாண்டவர்களிடம் பார்கின்சன் நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுகிறது. இன்னாருக்கு இதனால்தான் நோய் வந்தது என்று நிறுவ இது மட்டும் போதாது. ஆனாலும் கையுறையும் முகமூடியும் இல்லாமல் மருந்து அடித்த ஒரு தலைமுறை இப்போது முதுமைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களை யாராவது தேடிப்போய்ப் பரிசோதிப்பது நியாயம்.

கட்டுவிரியன் நஞ்சு இன்னொரு பாடம். இலங்கைக்கே உரிய ஒரு கட்டுவிரியன் இனம் பெரும்பாலும் ஈரவலயத்தில் வாழ்கிறது. நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவரை இரவில் தீண்டினால் பெரிதாக வலிப்பதில்லை. கடிவாய்கூடத் தெரியாமல் போகலாம். கட்டுவிரியன் நஞ்சு நரம்பிழையின் கடைசி நுனியில், தசையைத் தொடும் இடத்தில், சவ்வைக் கரைத்து நுனியை அழிக்கிறது. அழிந்தபின் விஷமுறிவு ஊசி அதைத் திருப்பித் தராது. ஆனால் கலவுடலும் மிச்ச இழையும் அப்படியே இருப்பதால் நுனி சில நாளில் முளைக்கத் தொடங்கி, வாரங்களில் தசையை மறுபடி பிடிக்கிறது. அதுவரை மூச்சு இயந்திரம் தாங்கினால் மனிதர் எழுந்து வீட்டுக்கு நடந்தே போகலாம். நரம்புச் சாவில் இவ்வளவு நல்ல முடிவு அபூர்வம்.

ஆண்டுக் கணக்கு

மெல்லக் கொல்லும் நோய்களில் காலம் இன்னும் நீளம். பார்கின்சன் நோயில் நடுமூளையின் கருநிறப் பகுதியில் டோபமீன் சுரக்கும் கலங்கள் சாகின்றன. நோய் கண்டு 4 ஆண்டு கழிந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, அந்தக் கலங்களின் இழை நுனிகள் அநேகமாக இல்லாமலே போயிருந்தன; கலவுடல்களில் ஒரு பங்கு இன்னும் இருந்தது. இங்கும் நுனிதான் முதலில். அல்சைமர் நோயில் கலங்களுக்கு வெளியே அமிலொய்ட் படிவும், உள்ளே டௌ புரதச் சிக்கலும் சேர்கின்றன. நினைவு தடுமாறத் தொடங்குவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே இது ஆரம்பம். ஞாபக மறதி எவ்வளவு என்பதோடு ஆக நெருக்கமாகப் பொருந்துவது படிவின் அளவல்ல, கலங்கள் ஒன்றையொன்று தொடும் இணைப்புகள் எவ்வளவு போயின என்பதே. நோய் இலேசாகத் தெரியும் கட்டத்திலேயே, நினைவுக்கு வாசலான பகுதியின் ஓர் அடுக்கில் பாதிக்கு மேற்பட்ட கலங்கள் அழிந்திருப்பதை 1996 ஆய்வொன்று எண்ணிக் காட்டியது.

2023இல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்த லெகானமாப் மருந்து அமிலொய்டை அகற்றுகிறது. ஒன்றரை ஆண்டில் சரிவின் வேகத்தைக் கால் பங்கு அளவு குறைத்தது, போனதைத் திருப்பவில்லை. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி, திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று அதற்கு ஆகும் செலவை நினைத்தால், தோட்டத்து மக்களுக்கு அது கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது வேறு. கொழும்புக்கு வடக்கே ராகமையில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, 65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கு முதுமை மறதி நோய் இருப்பதாகக் கண்டது. 2024இல் லான்செட் ஆணைக்குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகின் மறதி நோயில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. அந்தப் பட்டியலைத் தோட்டத்தை மனதில் வைத்து வாசித்தால் நெஞ்சு கனக்கும்: சிறுவயதில் கிடைக்காத படிப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, மதுப் பழக்கம், தலைக்காயம், காது கேளாமை, கண்பார்வை மங்கல், அசுத்தக் காற்று. விறகு அடுப்பின் புகை நிறைந்த ஓர் அறை லயத்தில் ஆயுள் முழுவதும் வாழ்ந்தவருக்கு இவற்றில் எத்தனை பொருந்தும்?

செய்யக்கூடியவை

சப்ரகமுவவின் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் இதற்காகப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல் மூன்றும் அவசரம் என்று பெரட்டிலும் கோயில் கூட்டத்திலும் பாடசாலையிலும் சொல்லவேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம் என்பதும், அதைத் தமிழில் பேசி அழைக்கலாம் என்ற நம்பிக்கையும் ஒவ்வொரு லயத்துக்கும் போகவேண்டும். அம்புலன்ஸ் ஏறக்கூடிய நிலையில் தோட்டத்து ரோடு இருக்கவேண்டும். இது வைத்தியத்துக்கு வெளியே உள்ள விஷயம் அல்ல. நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் இரத்த அழுத்தமும் சீனியும் தோட்டத்து மருந்தகத்திலேயே பார்க்கப்பட்டு, மாத்திரை தவறாமல் கிடைக்கவேண்டும். வேலை நாள் ஒன்றை இழந்து கிளினிக்குக்குப் போனால் அந்த நாள் சம்பளம் போகும் என்ற கணக்கு, மாத்திரையை நிறுத்த வைக்கும் பெரிய காரணம். கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டாமல் இருப்பதை நிர்வாகங்கள் ஏற்றால், பக்கவாதம் குறையும்.

நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளும் மாறவேண்டும். ‘இப்ப என்ன செய்யுது?’ என்பதோடு, ‘மூணு கிழமைக்கு முன்ன என்ன சாப்பிட்டீங்க, என்ன மருந்து அடிச்சீங்க, எங்க விழுந்தீங்க?’ என்று அவருடைய மொழியில் கேட்க ஆள் இருக்கவேண்டும். இரத்தினபுரி, கேகாலை ஆஸ்பத்திரிகளின் நரம்பியல் கிளினிக்குகளில் தமிழ் பேசும் தாதியோ மொழிபெயர்ப்பாளரோ நிரந்தரமாக இருப்பதற்கு ஒரு சுற்றறிக்கையும் சில நியமனங்களும் போதும். பக்கவாதத்துக்குப் பிறகு கை காலைப் பழக்கும் பிசியோதெரபி, நகரத்துக்கு வாராவாரம் வரமுடியாதவர்களுக்காகத் தோட்டத்துக்கே மாதம் இருமுறை வந்து போகலாம். புல்லுக்கு மருந்து அடித்து ஓய்வு பெற்றவர்களின் கை நடுக்கத்தையும் நடையையும் பரிசோதிக்கும் ஒரு கணக்கெடுப்பை, சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் தன் மாணவர்களைக் கொண்டே தொடங்கலாம்.